தெருமுனையில் கேட்கும் இருமல்

மாலை ஏழு மணி. தெருமுனையில் இருமல் சத்தம். அடுப்படியில் இருந்து குரல் வருகிறது: "அப்பா வந்துட்டார் பாரு, தோசைக்கல்லைப் போடு." வண்டிச் சத்தம் கேட்பதற்கு முன்பே, கேட் திறக்கும் முன்பே, அவர் வருகையைச் சொல்வது அந்த இருமல்தான். இருபது வருடமாக அப்படித்தான். வீட்டில் யாருக்கும் அது நோயாகத் தெரியவில்லை. அது அப்பாவின் சத்தம், அவ்வளவுதான்.

இப்படி ஒரு வீடு எந்த ஊரிலும் உண்டு. தென்காசியில் இருக்கலாம், குடியாத்தத்தில் இருக்கலாம், சென்னை வியாசர்பாடியிலும் இருக்கலாம். அப்பாவுக்கு 54 வயது. லாரிப் பட்டறையில் மெக்கானிக். ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி. கையில் காசு புழங்கும் நாளில் சிகரெட். காலையில் எழுந்ததும் கொல்லைப்புறக் குழாயடியில் பத்து நிமிடம் இருமல், கொஞ்சம் சளி, பிறகு டீ, டீயோடு முதல் பீடி. "பீடி பிடிச்சாத்தான் நெஞ்சுல இருக்கிற சளி இளகி வெளியே வருது" என்பது அவர் கட்சி. மனைவி தன்னால் ஆனதைச் செய்கிறார்: கற்பூரவல்லி, ஆடாதொடை, மிளகுக் கஷாயம். மழைக்காலத்தில் மெடிக்கல் ஷாப்பில் ஒரு சிரப். மறுபடி அடுத்த மழைக்கு அதே சிரப்.

அந்தக் காலை இருமலுக்குக் காரணம் எளிது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய முடிகள் உண்டு. காற்றடிக்கும்போது நெற்பயிர் ஒரே பக்கமாகச் சாய்வதுபோல அவை தொண்டையை நோக்கி ஓயாமல் அசைகின்றன. தூசியையும் கிருமியையும் சளியில் ஒட்டவைத்து மேலே தள்ளுவது அவற்றின் வேலை. புகை படப் பட அந்த முடிகள் சோர்ந்துபோகின்றன, பல இடங்களில் உதிர்ந்தே போகின்றன. எரிச்சல் தாங்காத சுரப்பிகள் சளியை அதிகமாகச் சுரக்கின்றன. கூட்டுபவர் வேலைக்கு வரவில்லை, குப்பை மட்டும் இரண்டு மடங்கு. ராத்திரி முழுக்கத் தேங்கியதைக் காலையில் இருமித்தான் வெளியேற்ற வேண்டியிருக்கிறது. பீடி சளியை இளக்குவதில்லை. அது குழாயை உறுத்துகிறது, உறுத்தலில் இருமல் வருகிறது, இருமலில் சளி வருகிறது. சளி சுரந்ததே அதனால்தான் என்பதை மட்டும் அது சொல்வதில்லை.

வருடத்தில் மூன்று மாதம், பெரும்பாலான நாட்களில் சளியோடு இருமல். இது தொடர்ந்து இரண்டு வருடம் இருந்து, வேறு காரணமும் இல்லையென்றால் அதற்கு நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி என்று பெயர். அந்தக் கணக்கை அப்பா எப்போதோ தாண்டிவிட்டார்.

பாதிப் படியில் ஒரு செல்போன்

அந்த வீட்டில் மாற்றம் வந்தது ஒரு கல்யாணத்தில். மண்டபத்தில் பந்தி மாடியில். எல்லோரும் ஏறிப்போனார்கள். அப்பா பாதிப் படியில் நின்று, சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த மகள் எதேச்சையாக எட்டிப் பார்த்தாள். போனில் வெளிச்சமே இல்லை. திரை இருட்டாக இருந்தது. அப்பா எதையும் படிக்கவில்லை. மூச்சு வாங்க நின்றதை மறைக்கத்தான் போன்.

அதற்குப் பிறகுதான் மகளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. முன்பெல்லாம் மாதக் கடைசியில் கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து மாட்டுவது அப்பா. இப்போது எதிர்வீட்டுத் தம்பியைக் கூப்பிடுகிறார். முக்குக் கடைக்குக்கூட வண்டியில் போகிறார். கோயிலுக்குப் போனால், "நீங்க பிரகாரம் சுத்திட்டு வாங்க, நான் செருப்பைப் பார்த்துக்கறேன்" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறார். வயதாகிறது, உடம்பு கனத்துவிட்டது, கேஸ் தொந்தரவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒரு காரணத்தையும் யாரும் சந்தேகப்படவில்லை.

முதலில் இருமல், அது முற்றினால் மூச்சிரைப்பு. இரண்டும் ஒரே நோயின் முதல் பாகம், இரண்டாம் பாகம் என்றுதான் ஒரு காலத்தில் டாக்டர்கள் பலரும் நினைத்திருந்தார்கள். அது சரிதானா என்று ஆட்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து அளந்து பார்த்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் ஃப்ளெட்சர். மருத்துவ வரலாற்றில் அவர் பெயர் வேறொரு இடத்திலும் வரும். 1941 பிப்ரவரி 12 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு போலீஸ்காரரின் உடம்பில் பென்சிலின் ஊசியைப் போட்ட இளம் டாக்டர் அவர்தான். அதற்குப் பிறகு அவர் போனது வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம். மூச்சு முட்டி வேலையை விட்ட அந்த மனிதர்களிடம், "எவ்வளவு மூச்சு வாங்குகிறது?" என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பதில் வந்தது. ஒருவர் 'கொஞ்சம்' என்பதும் இன்னொருவர் 'ரொம்ப' என்பதும் ஒரே அளவாக இருந்தது. அதனால் ஃப்ளெட்சர் கேள்வியை மாற்றினார். எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்று கேட்பதை விட்டுவிட்டு, என்ன செய்தால் மூச்சு வாங்குகிறது என்று கேட்டார்.

அந்தக் கேள்விகள் கொஞ்சம் திருத்தப்பட்டு இன்றும் உலகம் முழுக்கக் கேட்கப்படுகின்றன. கடுமையான வேலை செய்தால் மட்டும் மூச்சு வாங்குகிறதா? அப்படியென்றால் கவலை இல்லை, அது எல்லோருக்கும் வருவது. சமதளத்தில் அவசரமாக நடந்தாலோ, சிறிய மேட்டில் ஏறினாலோ வாங்குகிறதா? அது முதல் படி. தன் வயதுக்காரர்களோடு சேர்ந்து நடக்க முடியாமல் பின்தங்குகிறாரா, தன் போக்கில் நடந்தாலே நின்று நின்று போக வேண்டியிருக்கிறதா? இரண்டாம் படி. நூறு மீட்டர் நடந்ததும் நிற்க வேண்டியிருந்தால் மூன்று. சட்டை மாட்டும்போதே மூச்சு வாங்கினால், வீட்டை விட்டு வெளியே போகவே முடியாவிட்டால் நான்கு.

இந்தக் கேள்விகளைச் சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு. மூச்சு வாங்கும் வேலைகளை மனிதர்கள் தங்களை அறியாமலே ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறார்கள். மாடி ஏறுவதில்லை, அதனால் மாடி ஏறினால் மூச்சு வாங்குமா என்பது அவருக்கே தெரியாது. "எனக்கு மூச்செல்லாம் வாங்கறதில்ல டாக்டர்" என்று அவர் சொல்வது பொய் அல்ல. பக்கத்தில் நிற்கும் மனைவியிடம் கேட்க வேண்டும், "அஞ்சு வருஷத்துக்கு முன்னால செஞ்சு, இப்போ செய்யாத வேலை என்னம்மா?" என்று. பதில் சரளமாக வரும்.

இருமல் ஒரு வழி, மூச்சு ஒரு வழி

ஃப்ளெட்சரும் அவருடைய சகாக்களும் மேற்கு லண்டனில் வேலை பார்த்த 792 ஆண்களை எட்டு வருடம் தொடர்ந்து பரிசோதித்தார்கள். அவர்கள் ஊதும் காற்றின் அளவைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். அந்தக் கணக்கை ரிச்சர்ட் பீட்டோ என்ற புள்ளியியல் நிபுணரோடு சேர்ந்து 1977-ல் சுருக்கமான கட்டுரையாக ஃப்ளெட்சர் வெளியிட்டார். அதில் வந்த ஒரு வரைபடத்தை நுரையீரல் டாக்டர்கள் இன்றும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

அதில் தெரிந்தது இதுதான். சளியோடு வரும் இருமலும், மூச்சுக்குழாய் அடைபட்டு மூச்சு குறைவதும் புகையால் வரும் இரண்டு தனித்தனி கேடுகள். ஒருவருக்கு இரண்டும் இருக்கலாம். ஆனால், வருடக்கணக்கில் இருமியும் மூச்சு குறையாமல் இருப்பவர்கள் உண்டு. இருமலே இல்லாமல் மூச்சு மட்டும் கரைந்துகொண்டே போகிறவர்களும் உண்டு. அவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். "எனக்கு இருமலே கிடையாது, நுரையீரல் சுத்தமா இருக்கு" என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொல்பவருக்கு அந்த வரைபடத்தில் ஓர் இடம் இருக்கிறது.

நுரையீரலுக்குள் வலியைச் சொல்லும் நரம்பு கிடையாது என்பது இன்னொரு வில்லங்கம். பல்லில் ஒரு சிறு குழி விழுந்தால் ராத்திரி தூக்கம் போய்விடும். காற்றுப் பைகள் ஆயிரக்கணக்கில் உடைந்து ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய பைகளாகிப் பயனற்றுப் போனாலும், ஒரு சின்ன வலிகூட வராது. பிறக்கும்போது கொடுக்கப்பட்ட நுரையீரல் அன்றாடத் தேவையைவிட மிகப் பெரியது. அந்த உபரி தீரும்வரை எதுவும் தெரியாது. தெரியும்போது உபரி தீர்ந்திருக்கும்.

சிகரெட் பாக்கெட்டில் இருக்கும் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை இங்கே சொல்லலாம். புற்றுநோயைக் காட்டிப் பயமுறுத்துவது தேவைதான். ஆனால், அதைப் பார்த்துப் பார்த்து, புற்றுநோய் வரவில்லையென்றால் தப்பித்துவிட்டோம் என்ற நினைப்பும் வந்துவிட்டது. "எங்க தாத்தா எண்பது வயசு வரைக்கும் சுருட்டு பிடிச்சார்" என்பவர்கள், அந்தத் தாத்தா கடைசிப் பத்து வருடம் திண்ணையை விட்டு எழுந்தாரா என்பதைச் சொல்வதில்லை. மூச்சுக்குழாய் அடைபடும் இந்த நோய்க்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் சி.ஓ.பி.டி. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021-ல் மட்டும் அது 35 லட்சம் பேரைக் கொண்டுபோனது. பெயரே பலருக்குத் தெரியாது. வீட்டில் அதை 'ஆஸ்துமா' என்பார்கள், 'வீசிங்' என்பார்கள், 'சளி உடம்பு' என்பார்கள்.

ஊதிப் பார்த்தால் தெரியும்

மகள் அப்பாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனாள். அழைத்துப்போனது என்பது ஒரு வரி. அதற்கு மூன்று வாரம் ஆனது. "போன வருஷம்தான் எக்ஸ்ரே எடுத்தேன், ஒண்ணுமில்லைன்னுட்டாங்க" என்பதே அவர் பதிலாக இருந்தது.

எக்ஸ்ரே அவசியமான பரிசோதனைதான். காசநோயோ, கட்டியோ, நீர் கோத்திருப்பதோ இருந்தால் காட்டும். ஆனால், மூச்சுக்குழாய் அடைப்பின் ஆரம்ப நிலையில் எக்ஸ்ரே பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதைப் படத்தில் பார்க்க முடியாது, ஊதிப் பார்த்தால்தான் தெரியும். அதற்கான பரிசோதனை ஸ்பைரோமெட்ரி. லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற டாக்டர் 1846-லேயே இதற்கு ஒரு கருவி செய்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்து அளந்திருக்கிறார். இன்றைய கருவி மேஜைமேல் வைக்கும் அளவுதான். மூக்கில் கிளிப் போடுவார்கள். முடிந்தமட்டும் மூச்சை உள்ளே இழுத்து, குழாயில் வாயைப் பொருத்தி, பலங்கொண்ட மட்டும் ஒரே மூச்சில் ஊத வேண்டும். ஆறு நொடியாவது விடாமல் ஊதச் சொல்வார்கள். "ஊதுங்க... ஊதுங்க... இன்னும் ஊதுங்க..." என்று பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியன் போடும் சத்தத்தில் முதல் தடவை பலருக்குச் சிரிப்பு வந்துவிடும். மூன்று தடவையாவது ஊதவைப்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை.

பார்ப்பது முக்கியமாக இரண்டு எண்கள். மொத்தம் எவ்வளவு காற்று வெளியே வந்தது? அதில் முதல் ஒரு நொடியில் வந்தது எவ்வளவு? நல்ல நுரையீரல் தன் காற்றில் முக்கால்வாசியை முதல் நொடியிலேயே தள்ளிவிடும். குழாய் சுருங்கியிருந்தால், வாய் குறுகிய பாட்டிலைக் கவிழ்த்ததுபோலக் காற்று மெதுவாகத்தான் வரும். குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சவைத்துவிட்டு மறுபடி ஊதவைத்தும் முதல் நொடிப் பங்கு 70 சதவிகிதத்துக்குக் கீழேயே நின்றால், அது சி.ஓ.பி.டி-யின் அடையாளம். ஆஸ்துமாவில் அந்த மருந்துக்குப் பிறகு எண் பெரும்பாலும் நன்றாக ஏறும்.

அப்பாவின் எண் ஏறவில்லை. 70-க்குக் கீழேயே நின்றது.

அவர் கேட்ட முதல் கேள்வி, "விட்டுட்டா சரியாயிடுமா சார்?" டாக்டர் மழுப்பவில்லை. "போனது வராதுங்க. இருக்கறதைக் காப்பாத்தலாம்."

கேட்கக் கஷ்டமான பதில். ஆனால், அந்த இரண்டாவது வாக்கியத்தின் மதிப்பு என்ன என்பதை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆரம்பநிலை அடைப்பு இருந்த 5,887 புகைபிடிப்பவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று எண்களாகவே சொல்லியிருக்கிறது. பதினோரு வருடம் பார்த்தார்கள். ஆரம்பத்திலேயே விட்டுவிட்ட ஆண்கள், முதல் நொடியில் ஊதும் காற்றில் வருடத்துக்குச் சுமார் 30 மில்லி இழந்தார்கள். அது ஏறத்தாழ வயதின் காரணமாக எல்லோரும் இழக்கும் அளவு. விடாமல் பிடித்தவர்கள் இழந்தது வருடத்துக்கு 66 மில்லி. 36 மில்லி வித்தியாசம் ஒரு வருடத்துக்குப் பெரிதாகத் தெரியாது. பதினோரு வருடத்துக்குப் பெருக்கினால் 400 மில்லி வருகிறது, நாலு டீ கிளாஸ். வாலிபத்திலேயே அந்த முதல் நொடிக் காற்று மூன்று நான்கு லிட்டர்தான். அதில் பாதியை ஏற்கெனவே தொலைத்தவருக்கு இந்த நாலு கிளாஸ்தான், தானே நடந்து கழிவறைக்குப் போவதற்கும் பிறர் தாங்கிப் பிடித்துப் போவதற்கும் இடையிலான தூரம்.

"54 வயசாச்சு, இனிமே விட்டு என்ன?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால் என்ற டாக்டர், பிராட்ஃபோர்டு ஹில் என்பவரோடு சேர்ந்து 1951-ல் நாட்டின் டாக்டர்களுக்கே கடிதம் எழுதி, 'நீங்கள் புகைபிடிப்பவரா?' என்று கேட்டார். நாற்பதாயிரம் பேருக்கு மேல் பதில் எழுதினார்கள். அதில் ஆண் டாக்டர்களை மட்டும் ஐம்பது வருடம் பின்தொடர்ந்தார்கள். யார் எப்போது இறந்தார்கள், யார் எந்த வயதில் புகையை விட்டார்கள் என்று கணக்கு வைத்தார்கள். 2004-ல் வந்த முடிவு: விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்கள் அதில் மூன்று வருடத்தைத் திரும்பப் பெற்றார்கள். 50-ல் விட்டவர்கள் ஆறு வருடம், 40-ல் ஒன்பது வருடம், 30-ல் விட்டவர்கள் கிட்டத்தட்ட முழுதும். டாலும் ஒரு காலத்தில் சிகரெட் பிடித்தவர். நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் தேடும் முதல் ஆய்வைத் தொடங்கியபோது, சாலையில் ஊற்றும் தாரும் மோட்டார் வண்டிப் புகையும்தான் காரணமாக இருக்கும் என்று அவர் நினைத்திருந்தார். எண்கள் வேறு பக்கம் கைகாட்ட, ஆய்வு முடியும் முன்பே தன் சிகரெட்டை விட்டார். 92 வயது வரை வாழ்ந்தார்.

சென்னையில் எடுத்த கணக்கு

அதெல்லாம் வெள்ளைக்காரர்கள் கணக்கு, இங்கே பிடிப்பது பீடி, வெறும் இலைதானே என்ற வாதம் அடிக்கடி வரும். 2016-17-ல் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெரியவர்களில் நூற்றுக்கு 7.7 பேர் பீடி பிடிப்பவர்கள், சிகரெட் பிடிப்பவர்கள் 4 பேர். ஆகவே இந்தக் கேள்வி இங்கே முக்கியமானது. பீடி இலை காகிதம்போல எரியாது. இழுக்காவிட்டால் அணைந்துவிடும். அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். உள்ளே இருக்கும் புகையிலை கொஞ்சம்தான், ஆனால் நெஞ்சுக்குள் போகும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைந்ததல்ல.

தமிழ்நாட்டிலேயே எடுத்த கணக்கும் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் கஜலட்சுமியும் அவருடைய குழுவினரும் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் வீடுகளிலிருந்து விவரம் திரட்டினார்கள். இறந்தவர் புகைபிடித்தவரா, எதனால் இறந்தார் என்பதைக் கேட்டு, உயிரோடு இருக்கும் ஆண்களோடு ஒப்பிட்டார்கள். 2003-ல் லான்செட் இதழில் வந்த அந்த ஆய்வின் முக்கியச் செய்தி புற்றுநோய் அல்ல, காசநோய். புகைபிடித்தவர்கள் காசநோயால் இறந்த விகிதம், பிடிக்காதவர்களைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. இந்த ஆய்வில் உடன் உழைத்தவர்களில் ஒருவர், ஃப்ளெட்சரோடு வரைபடம் போட்ட அதே ரிச்சர்ட் பீட்டோ. டாலின் ஐம்பது வருடக் கணக்கிலும் அவர் பெயர் இருக்கிறது.

ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் எந்த இருமலுக்கும், 'இது பீடி இருமல்தான்' என்று தானாக முடிவுகட்டக் கூடாது. சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். காசநோய் என்றால் மருந்தும் இலவசம். வழக்கமாக இருமுபவர்களுக்கு இன்னொரு அபாயம் இருக்கிறது. இருமலின் தன்மை மாறினால்கூட வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. சத்தம் மாறியது, சளியில் ரத்தக்கோடு தெரிந்தது, குரல் கம்மி மூன்று வாரம் ஆகியும் தெளியவில்லை, காரணமில்லாமல் எடை குறைந்தது, சாயங்காலம் காய்ச்சல் அடிக்கிறது... இதில் எது இருந்தாலும் அந்த வாரமே டாக்டரைப் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறி உதடு நீலம் பாரித்தாலோ, பேச முடியாமல் போனாலோ, நெஞ்சு அடைத்தாலோ காத்திருக்க ஒரு நிமிடமும் இல்லை. 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான்.

புகை நெஞ்சோடு நிற்பதில்லை என்பது பலமுறை எழுதப்பட்டதுதான். மாரடைப்பு, பக்கவாதம், கால் ரத்தக்குழாய் அடைப்பு, ஈறு நோய், கண்புரை, ஆண்மைக் குறைவு. சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் புகைப்பவர்களுக்கு 30 முதல் 40 சதவிகிதம் அதிகம் என்பது மட்டும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்ப வரும் காதுவலிக்கும் வீசிங்குக்கும் வாசலில் எரியும் பீடி ஒரு காரணமாக இருக்கலாம். பீடியே தொடாத பெண்களுக்கும் சி.ஓ.பி.டி வருகிறது. விறகடுப்பில் முப்பது வருடம் ஊதியவர்களின் மூச்சுக்குழாயும் அதே கதிக்குத்தான் ஆளாகிறது. அவர்களை யாரும் ஊதிப் பார்க்கச் சொல்வதில்லை. "அம்மாவுக்கு எப்பவும் இளைப்பு" என்பதோடு முடிந்துவிடுகிறது.

விட்ட பிறகு வரும் இருமல்

விடுவது சுலபம் என்று சொல்பவர்கள் பிடித்திருக்க மாட்டார்கள். எந்த உதவியும் இல்லாமல் மனஉறுதியை மட்டும் நம்பி ஒருமுறை விட முயல்பவர்களில், ஆறு மாதம், ஒரு வருடம் கழித்தும் விட்டவர்களாகவே இருப்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான். 'ரோஷம் இல்லாத ஜென்மம்' என்று வீட்டில் திட்டுவதற்கு முன் இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. நிகோடின் மூளையைப் பழக்கிவைத்திருக்கிறது. அதை ரோஷத்தால் மட்டும் வெல்வது கஷ்டம், மருந்தும் ஆலோசனையும் சேர்ந்தால் வாய்ப்பு கூடுகிறது. நிகோடின் சூயிங்கம் உண்டு. அதைச் சாதாரண சூயிங்கம்போல மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரம் தெரியும்வரை மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைத்து, காரம் குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். இது தெரியாமல் மென்று விழுங்கி, விக்கலும் வயிற்றெரிச்சலும் வந்து, 'சரிப்படலை' என்று தூக்கிப்போட்டவர்கள் நிறைய. டாக்டர் எழுதித்தரும் மாத்திரைகளும் இருக்கின்றன. 1800-11-2356 என்ற இலவச எண்ணில் அரசின் புகையிலை நிறுத்த உதவி மையம் இருக்கிறது. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். படத்தைப் பார்க்காமல் திருப்பிவைக்கும் பழக்கத்தில் எண்ணும் கண்ணில் படுவதில்லை.

பலர் கவிழும் இடம் ஒன்று உண்டு. விட்ட முதல் சில வாரங்களில் சிலருக்கு இருமல் அதிகமாகிறது. "பிடிச்சப்போகூட இவ்வளவு இருமலை, விட்டதும் நெஞ்சு கட்டிக்கிச்சு" என்று மறுபடி பற்றவைத்துவிடுகிறார்கள். சோர்ந்து கிடந்த அந்த மெல்லிய முடிகள் மறுபடி அசையத் தொடங்கி, தேங்கிக் கிடந்ததை மேலே தள்ளுவதன் அறிகுறியாக அது இருக்கலாம். ஒன்று முதல் ஒன்பது மாதங்களுக்குள் இருமலும் மூச்சிரைப்பும் குறையும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாரடைப்புக் கணக்கு இன்னும் வேகமானது. ஒரே வருடத்தில் அந்த அபாயம், விடாதவர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது.

அடைப்பு வந்துவிட்டவர்களுக்கும் செய்ய நிறைய இருக்கிறது. இன்ஹேலர் என்றால் 'கடைசி மருந்து, பழகிடும்' என்ற பயம் இன்னும் போகவில்லை. மாத்திரையாகச் சாப்பிட்டால் உடம்பெல்லாம் சுற்றும் மருந்து, உறிஞ்சினால் மிகக் குறைந்த அளவில் நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது, அவ்வளவுதான். டாக்டர் சொன்னபடி ஃப்ளூ தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் போட்டுக்கொண்டால், திடீரென மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேரும் ஆபத்து குறையும். மூச்சு வாங்குகிறதே என்று நடப்பதை நிறுத்துவதுதான் பெரிய தவறு. நடக்காத கால் தசை மெலிகிறது. மெலிந்த தசை சிறு வேலைக்கே அதிகக் காற்றைக் கேட்கிறது. டாக்டரின் ஆலோசனையோடு தினமும் கொஞ்சம் கூட்டிக் கூட்டி நடக்க வேண்டும். இரைக்கும்போது மூக்கால் இழுத்து, விசில் அடிப்பதுபோல உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் மெதுவாக ஊதினால் படபடப்பு அடங்கும்.

பட்டறை மெக்கானிக் முதல் தடவை விட்டது பதினெட்டு நாள். பட்டறையில் ஒரு டீ வந்தது, டீயோடு பழைய சிநேகிதர் நீட்டிய பீடியும் வந்தது. வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. மகள் மட்டும், "சரிப்பா, திங்கக்கிழமை மறுபடி ஆரம்பிக்கலாம்" என்றாள். அந்தத் திங்கட்கிழமை வந்து இப்போது நாலு மாதம் ஆகிறது. காலை இருமல் பத்து நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடமாகியிருக்கிறது. மாடிப்படி இன்னும் கஷ்டம்தான், ஆனால் நிற்கும்போது போனை எடுப்பதில்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு விட்டுவிட்டு ஏறுகிறார். ஆறு மாதம் முடிந்ததும் மறுபடி ஊதிப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தேதியைச் சமையலறைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். பட்டறைக்கு டீ வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் போகிறது.